அக்காவுக்கு என்ன பிடிக்கும்

அக்கா இத்தாலியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து ஐந்தாறு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். அந்த மாதங்களில் நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசியது கிடையாது. அதன் பிறகு அவளுக்குத் தமிழ் போய்விட்டது.

இப்படிச் சொன்னால் ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நடந்ததே அதுதான். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். மயிலாப்பூரில், கோயில் மணி வீட்டுக்குள் கேட்கிற சந்து ஒன்றில் எங்கள் வீடு. எங்கள் வீடுகளில் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வோம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். அடுத்த வருஷமே அந்தச் சபை அவளை இத்தாலிக்கு அனுப்பிவிட்டது. வடக்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மடத்தை ஒட்டிய பாலர் பள்ளியில் காலம் முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவாள். வந்தால் வீடு நிறைய ஜனம் இருக்கும். அத்தை வீட்டுக்கு ஒரு வேளை, மாமா வீட்டுக்கு ஒரு வேளை என்று அழைத்துப் போவார்கள். கிளம்புகிற நாளன்று என் கன்னத்தைத் தட்டி, "நல்லாப் படி" என்பாள். எனக்குக் கல்யாணமாகி, நான் டெலிபோன் இலாகாவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் அதையே சொன்னாள்.

எழுபது தாண்டியதும் திருவான்மியூரில் வயதான சிஸ்டர்கள் தங்கும் அவர்களுடைய இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள். அவள் பேசிய தமிழ், அவள் ஊரை விட்டுப் போனபோது இருந்த தமிழ். இன்னும் மெட்ராஸ்தான், எட்டணாதான். என் மகன் அதைக் கேட்டுச் சிரிப்பான். அந்தச் சமயத்தில்தான் என் மருமகளுக்குப் பிரசவம். குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் என்னால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓட்டமாக ஓடி அவளைப் பார்த்துவிட்டு வருவேன். "நிதானமா பேசிக்கலாம் அக்கா" என்றால், "எங்க ஓடிடப்போறேன், குழந்தையைப் பாரு முதல்ல" என்பாள்.

ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்துவிட்டாள். வலது கை விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு சுத்தமாக நின்றுபோய், சில வாரங்கள் கழித்து மெல்ல வர ஆரம்பித்தபோது வந்தது இத்தாலிய மொழி. தமிழில் "அக்கா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். நாம் சொல்வது பாதி புரிகிற மாதிரியும் பாதி புரியாத மாதிரியும் இருக்கும். பதில் மட்டும் அந்த மொழியில்தான். எந்த மொழியை அதிகம் புழங்கினார்களோ அது முதலில் திரும்பி வருவது உண்டு, மற்றதும் போகப்போக வரலாம் என்றார் டாக்டர்.

இல்லத்தில் இத்தாலியன் தெரிந்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பொறுப்பிலிருந்த மதருக்குத் தண்ணீர், ரொட்டி, வலி என்று நாலு வார்த்தை தெரியும். நான் கைப்பேசியை நீட்டி மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டுப் பார்த்தேன். கோணிய வாயால் அக்கா ஏதோ சொன்னாள். ‘என் கழுதைக்குக் கதவு வேண்டும்' என்று எழுதிக் காட்டியது. நானும் மதரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குக் குளிர்ந்திருக்கிறது என்று போர்வை விலகிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே தி. நகரில் ஒரு மொழி வகுப்பில் சேர்ந்தேன். பனகல் பார்க் பக்கம், ஒரு புடவைக் கடையின் மாடி. சனிக்கிழமை காலை வகுப்பு. படிக்கட்டு ஏறும்போதே கீழே கடைக்காரர்கள் "வாங்கம்மா, பட்டு மேல இல்லம்மா, இங்கதான்" என்று கூப்பிடுவார்கள். மேலே இருந்தவர்கள் எல்லாரும் என் பிள்ளையைவிடச் சின்னவர்கள். மேல்படிப்புக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஆசிரியை கோடம்பாக்கத்துப் பெண். இத்தாலியில் சில வருஷம் படித்துவிட்டு வந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் என்னை ஆன்ட்டி என்றாள், நான் அவளை மிஸ் என்றேன்.

எண்கள், கிழமைகள், வணக்கம் எல்லாம் தாண்டி, பிடிக்கும் பிடிக்காது என்ற பாடம் வந்தது. மிஸ் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"இங்க எல்லாரும் இங்கிலீஷ்ல யோசிச்சுத்தான் மாட்டிக்கிறாங்க. தமிழ்ல யோசிங்க. ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்.' யாருக்கு?"

"எனக்கு" என்றோம் எல்லோரும்.

"அவ்ளோதான். மி பியாச்சே. ‘மி'ன்னா எனக்கு. உனக்குன்னா ‘தி'. பிடிக்குமான்னு கேக்கணும்னா தி பியாச்சே. பிடிக்கலைன்னா முன்னாடி ஒரு ‘நோன்' போடுங்க. நோன் மி பியாச்சே."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெருங்குடி ஐடி கம்பெனிப் பையன்தான் திணறினான். எனக்குக் காபி பிடிக்குமா என்று கேட்க வேண்டியவன், கடைசி எழுத்தை மாற்றி "தி பியாச்சோ?" என்றான். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆன்ட்டி கிட்ட ‘என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா'ன்னு கேக்குறீங்க" என்றாள். "ஐயோ ஆன்ட்டி, சத்தியமா நான் காபியைத்தான் கேட்டேன்" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல ரவா கேசரி கிளறி எடுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்குக் கேசரி என்றால் உயிர் என்பது எங்கள் குடும்பத்தில் வேதவாக்கு. அவள் ஊரில் இல்லாத வருஷங்களிலும் அவளுடைய பிறந்த நாளன்று அம்மா நெய் விட்டுக் கேசரி கிளறுவாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் போகிற வீடுகளில் எல்லாம் கேசரிதான். அவளும் சாப்பிடுவாள். அன்றைக்கும் ஊட்டினேன், சாப்பிட்டாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தி பியாச்சே?" என்று கேட்டேன்.

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். அறைக்குள் வேறு யாரோ வந்துவிட்ட மாதிரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நோ."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"நோன் மி பியாச்சே" என்றாள். சற்று யோசித்து, "பியாச்சேவா ஆல்லா மாம்மா" என்று சேர்த்துக்கொண்டாள்.

மாம்மா என்றது புரிந்தது. மற்றதை அடுத்த வகுப்பில் மிஸ்ஸிடம் கேட்டேன். "அம்மாவுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். அம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவுக்குப் பிடித்ததை அக்கா பெயரைச் சொல்லிக் கிளறினாளா, மகளுக்குப் பிடிக்கும் என்று உண்மையிலேயே நம்பினாளா, யாரைக் கேட்பது? இத்தனை வருஷமாகப் பிடிக்காத ஒன்றை முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறாள் என்பதை நினைத்தால், அதற்கு மேல் அந்தப் பாத்திரத்தை என்னால் அடுப்பில் வைக்க முடியவில்லை.

அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். இட்லி? கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வறுத்த வஞ்சிரம்? பரவாயில்லை. அங்கேயிருந்து வந்தவள் என்று மதர் வாங்கி வைத்த பாலாடைக்கட்டி? வேண்டாம். ஒரு நாள் எங்கள் வீட்டுப் பாகற்காய் வறுவலைக் கொண்டுபோனேன். இடது கையால் அவளே எடுத்துச் சாப்பிட்டாள். நான் கேட்பதற்குள், "மி பியாச்சே, மி பியாச்சே" என்றாள். அவர்கள் ஊரில் கசப்புக் கீரைகளை விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று மிஸ் சொன்னாள். அக்காவுக்கு இங்கே இருந்தபோதே கசப்புப் பிடித்ததா, அங்கே போய்ப் பழகியதா, தெரியவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பாகற்காய் வாங்கியதாகவே நினைவில்லை. அப்பாவுக்கு ஆகாது.

இல்லத்திலிருந்து ஒரு மாலை எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். சக்கர நாற்காலியைத் தள்ள நானும் போயிருந்தேன். "கடலைப் பார்த்தா சிஸ்டர் ரொம்ப சந்தோஷப்படுவாங்க, கடற்கரைப் பக்கமே பொறந்து வளர்ந்தவங்க இல்லையா" என்றார் மதர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையில் போகும் பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. "இல் மாரே, தி பியாச்சே?" என்றேன். தலையை அசைத்தாள். பிடிக்காது. காற்று மட்டும் பிடிக்கும் என்கிற மாதிரி கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

வகுப்பில் அடுத்து அதை, அவளை, அவர்களை என்று சொல்வது வந்தது. அங்கேதான் நான் உதைபட்டேன். நமக்கு எல்லாப் பொருளும் ‘அதை'தான். அவர்களுக்குப் பொருளெல்லாம் ஆணோ பெண்ணோ. ஆண் என்றால் லோ, பெண் என்றால் லா. காபி ஆண், தண்ணீர் பெண், ரொட்டி ஆண், ஜன்னல் பெண். அது போதாதென்று ‘என்னை', ‘எனக்கு' இரண்டுக்கும் ஒரே ‘மி', ஆனால் ‘அவளை' என்றால் லா, ‘அவளுக்கு' என்றால் லே. வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னாள் மிஸ். அக்காவைப் பற்றி எழுதினேன். அவளை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். அவளுக்குச் சாப்பாடு கொடுக்கிறேன். அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். மிஸ் திருத்திக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது படித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அக்காவைப் பற்றிப் பேசியதெல்லாமே இந்த மாதிரி வாக்கியங்கள்தாம். அக்காவை அனுப்பினோம், அக்காவுக்கு போன் செய்தோம், அக்காவை வழியனுப்பினோம். அவள் என்ன செய்தாள், என்ன நினைத்தாள் என்று ஒரு வாக்கியம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அக்காவிடம் தண்ணீர் டம்ளரை நீட்டி, "லோ வுவோய்?" என்பேன். வேண்டுமா என்று அர்த்தம். அவள் வாங்கமாட்டாள். "லா" என்பாள், பாலர் பள்ளிக் கண்டிப்போடு. "லா வுவோய்?" என்று திருத்திக் கேட்டால்தான் குடிப்பாள். காபிக்கு "லா" என்றால் "லோ" என்பாள். பல நாட்கள் படுத்தே கிடந்தவள் அதற்காக நிமிர்ந்து உட்காருவாள். பிறகு சில நாட்கள் நான் தெரிந்தே தப்பாகச் சொன்னேன்.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி கிடந்து குடைந்தது. போனது பிடித்திருந்ததா? பத்தொன்பது வயதில் அவ்வளவு தூரம் போனாளே, அவளுக்கு அது பிடித்ததா? யாராவது கேட்டோமா? எனக்குத் தெரிந்ததெல்லாம் நிகழ்காலம். கேசரி பிடிக்குமா, கடல் பிடிக்குமா என்றுதான் என்னால் கேட்க முடியும். மிஸ்ஸிடம் போய், கடந்த காலம் எப்போது வரும் என்றேன்.

"அது அடுத்த லெவல்ல ஆன்ட்டி. ஏன், அவசரமா?"

சொன்னேன். அவள் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக் கொடுத்தாள். "தி எ பியாச்சூத்தோ அந்தாரே?" போனது உனக்குப் பிடித்ததா. வாரம் முழுக்க அடுப்படியிலும் பால்பாக்கெட் வாங்கப் போகும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் பேரனுக்கே பாடமாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அக்காவின் கட்டில் ஜன்னல் ஓரம். வெளியே பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். நோய் வந்த பிறகு அவள் அத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை. திக்கித் திக்கி, நடுவில் எச்சில் விழுங்கி, விடாமல் பேசினாள். எனக்கு எங்கேயோ ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. பனி என்றாள். தனியாக என்றாள். மற்றதற்கெல்லாம் கல்யாண வீட்டில் தெரியாதவரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி "ஸி, ஸி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி பைக்குள்தான் இருந்தது. எடுத்துப் பதிவு செய்யலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஒரு வார்த்தையை மட்டும் என் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாஞ்ஜாவி என்று என் காதில் விழுந்தது. மாஞ்ஜாரே என்றால் சாப்பிடுவது என்று படித்திருந்தேன். நீ சாப்பிட்டாய், சாப்பிட்டாய் என்கிறாள்! அவளை வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போன அன்று நான் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கித் தரச்சொல்லித் தின்றுகொண்டே இருந்தேனாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். அதைத்தான் ஞாபகப்படுத்துகிறாள் என்று நினைத்து, நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அக்கா பேச்சை நிறுத்தினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். களைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நான் தின்றதை இன்னும் மறக்கவில்லை பாருங்கள் என்று. மிஸ் சிரிக்கவில்லை.

"எப்படிச் சொன்னாங்க, அதே மாதிரி சொல்லுங்க ஆன்ட்டி."

"மி மாஞ்ஜாவின்னு..."

"முன்னாடி ‘மி' இருந்துச்சா? மாஞ்ஜாவியா, மான்காவியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் வாயை நினைத்துப் பார்த்தேன். "மான்காவி" என்றேன்.

மிஸ் துடைத்து வைத்திருந்த பலகையில் எழுதினாள். "இதுவும் பியாச்சே மாதிரிதான் ஆன்ட்டி. வார்த்தைக்கு வார்த்தை சொன்னா, ‘எனக்கு நீ குறையா இருந்தே'ன்னு வரும். நீ பக்கத்துல இல்லாம ஏங்கிப் போயிட்டேன்னு அர்த்தம்."

"எங்களையெல்லாமா?"

"இல்ல. எல்லாரையும்னா மான்காவாத்தேன்னு சொல்லியிருப்பாங்க. இது ஒருத்தர்தான். உங்களைத்தான் சொல்லியிருக்காங்க."

கீழே கடையில் யாரோ புடவை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்கு அடுத்த வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், இருந்தும் அவள் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

அவள் இத்தாலிக்குப் போனபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முந்தின வருஷம் அவள் மடத்தில் சேர்ந்ததும் கட்டில் முழுக்க எனக்கு என்று நான் சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு நான் அப்படி ஒருத்தியாக இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அவள் விடுமுறைக்கு வந்தபோதாவது ஒரு நாள் எல்லாரையும் விலக்கிவிட்டு அவள் பக்கத்தில் படுத்திருப்பேனோ என்னவோ.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அன்று மாலையே திருவான்மியூருக்குப் போனேன். மிஸ் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். "ஆன்கே து மி மான்காவி." எனக்கும் நீ இல்லாமல் அப்படித்தான் இருந்தது. அது முழு உண்மை இல்லை, ஆனால் சொன்ன அந்த நேரத்தில் உண்மையாகவே இருந்தது.

அக்கா என் கையைத் தட்டினாள். "லோ ஸோ" என்றாள். தெரியும்.

கைப்பேசியை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, போனது பிடித்ததா என்று மறுபடி கேட்டேன். அவள் கைப்பேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "லோ ஜா தேத்தோ" என்றாள். அதைத்தான் சொல்லிவிட்டேனே என்று அர்த்தமாம். கோபமாகச் சொல்லவில்லை. ஒரே கதையை இரண்டு தடவை கேட்கும் குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

அப்புறம் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. தமிழ் திரும்பவில்லை, இத்தாலியனும் ஒற்றை வார்த்தைகளாகச் சுருங்கியது. மழைக்காலத்தில் மறுபடி ஒருமுறை தாக்கியது. இரண்டாம் முறை அவள் விழிக்கவில்லை. கல்லறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் இறைத்துவிட்டு அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. வகுப்பிலிருந்து மிஸ்ஸும் பெருங்குடிப் பையனும் வந்து ஓரமாக நின்றிருந்தார்கள்.

அக்காவோடு அந்த மலையடிவார ஊரில் கடைசி வரை இருந்த சிஸ்டர் ஒருவர், அந்த ஊர்க்காரர், அடக்கத்துக்குப் பிறகு என்னை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். இப்போதும் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். கைப்பேசித் திரையில் அவர் நெற்றியும் மூக்குக் கண்ணாடியும் மட்டும்தான் தெரியும். எனக்காக வார்த்தைகளைப் பிட்டுப் பிட்டுப் பேசுவார். இப்போது நான் அடுத்த வகுப்பில் இருப்பதால் பாதிக்கு மேல் புரிகிறது. அக்கா எந்தக் குழந்தையையும் அடித்ததில்லை என்றும், சூப்பில் யாருக்கும் தெரியாமல் மிளகாய் போடுவாள் என்றும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் துணிந்து அவரிடம் கேட்டேன். அக்காவுக்கு அங்கே வந்தது பிடித்திருந்ததா?

"என்னிடம் சொன்னதில்லை. நீ கேட்டாயா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"நிறையச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை" என்றேன்.

அவர் பக்கத்தில் எங்கேயோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.